ஈட்டிக்குப் பின் கல்

என்னவளுக்கு,

திபேரியா நகரில் உன் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடுவதாக எழுதியிருந்தாய். நம் மகன் மெனாகேம் கல்லெறிந்ததால்தான் ரோமர்கள் ஊருக்குள் புகுந்து வெட்டினார்கள் என்று இங்கே பேசுகிறார்களே, அதற்காகத்தான்.

நேற்று வேதப் பள்ளியில், எகிப்திலிருந்து வந்த நம் முன்னோரின் பாலைவனப் பயணத்தை வாசித்தோம். இரண்டாம் மாதம் நடந்தது முதலிலும், முதல் மாதம் நடந்தது பின்னாலும் வருகிறது. ஏன் என்று கேட்டேன்.

"வேதத்துல முன்ன பின்ன கிடையாதுப்பா," என்றார் பாடம் சொல்லும் ஆகாய். "முதல் மாசம் பஸ்கா பண்டிகை. நாப்பது வருஷத்துல அந்த ஒரு தடவதான் கொண்டாடினாங்க. அந்த வெட்கக்கேடு முன்னால தெரிய வேண்டாம்னு தள்ளி வெச்சிருக்கு."

"உம்ம தம்பி செத்ததையும் அதுக்குத்தான் கல்லுக்குப் பின்னால தள்ளி வெச்சீரா?" என்று கேட்டேன்.

கிணற்றடியில் அவர் தம்பியின் வயிற்றை ரோமனின் ஈட்டி கிழித்தபோது, என்னையும் சேர்த்து ஊர் ஆண்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அதைப் பார்த்த பிறகுதான் மெனாகேம் கல்லை எடுத்தான்.

ஆகாய் முகத்தை மூடிக்கொண்டார். "முதல்ல ஈட்டி. அப்புறந்தான் கல்லு. ஊர் வாசல்ல நின்னு சொல்றேன். அவள வரச் சொல்லு."

வந்துவிடு.

முதலில் சொல்லவேண்டியதை நானும் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். நம் மகனை அவர்கள் உடனே கொல்லவில்லை. எறிந்த கையை வெட்டிவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்வரை உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உன் வீட்டுக்காரன்