இரண்டு பாதத்தையும் வரைந்து அனுப்பு

அன்பு மனைவிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

கிடங்கைச் சுற்றி நடந்து காவல் பார்க்கிறேன். வெயிலானாலும் பனியானாலும் நடைதான். உடுப்பு விஷயத்தில் இங்கே நான்தான் பேராசிரியர். பனிக்குச் சட்டைமேல் சட்டை, ஒரு அளவு பெரிய பூட்ஸுக்குள் இரட்டைக் காலுறை. முதலாளியே என்னைக் கேட்டுத்தான் காலுறை மாட்டுகிறார்.

போன வாரம் மட்டும் மிடுக்காக இருக்கட்டுமே என்று பளபளப்பு ஷூவோடு பனிக்கட்டியில் கால் வைத்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன்.

"என்ன மாமா, உக்காந்துட்டீங்க?" என்றான் லாரி ஓட்டுகிறவன்.

"தரை கெட்டியா இருக்கான்னு பாக்குறேன்டா."

இடுப்பில் லேசான பிடிப்பு, அவ்வளவுதான்.

சந்தைக்குப் போகும்போது, "மெதுவா நடங்க, ரயிலா பிடிக்கப் போறோம்?" என்று பின்னாலிருந்து அதட்டுவாயே. அறுந்த உன் செருப்பு வாருக்கு நடுத்தெருவில் குனிந்து ஊக்கு குத்தினேனே. இப்போது மெதுவாகத்தான் நடக்கிறேன், அதட்டத்தான் ஆளில்லை.

குளிருக்குப் பயந்து இங்கே வரமாட்டேன் என்கிறாய். சரி, வராவிட்டாலும் பரவாயில்லை, உன் இரண்டு பாதத்தையும் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. இடது கால் கொஞ்சம் பெரிசு. பூட்ஸ் வாங்கி என் பூட்ஸ் பக்கத்தில் வைக்கிறேன்.

மணி அடித்துவிட்டது, நடக்கப் போகிறேன். மெட்டியைக் கழற்றாமல் வரை. அதற்கும் இடம் விட்டு வாங்குகிறேன்.