இனிப்பு போகாத வைன்

நவம்பர் 14
நிலவறையில் சத்தமே இல்லை. நேற்றுவரை பீப்பாயில் காது வைத்தால் உள்ளே நுரைப்பது கேட்கும். இன்று நாக்கில் விட்டுப் பார்த்தேன். இனிப்பு. சர்க்கரை முழுவதையும் தின்னாமலே ஈஸ்ட் அடங்கிவிட்டது.

பிரான்சின் சவென்யேரில் எங்கள் வீட்டு வெள்ளை வைன் துளி இனிப்பில்லாதது, ஈரப் பாறையை நக்கியது போலிருக்கும் என்பார்கள். இந்த முறை அதைச் செய்தவள் நான். அறுவடைக்கு நடுவில் என் கணவர் ழில்தாஸ் திராட்சைக் கொடிகளுக்கிடையே விழுந்தார். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. யாரிடம் கேட்பேன்?

டிசம்பர் 3
பக்கத்துத் தோட்டத்து யுபேர் வந்து ருசி பார்த்தார். "குளிருல தூங்கிடுச்சு ஆர்மெல். சூடு காட்டு, புது ஈஸ்ட் போடு."

இரண்டும் செய்தாயிற்று. பலனில்லை.

டிசம்பர் 25
இன்றும் பீப்பாயில் சத்தம் இல்லை.

ஜனவரி 19
நாத்தனார் சொலாஞ்ச் வந்தாள். தம்பியின் கட்டிலருகே நின்றுகொண்டே சொன்னாள்: "கெட்டுப் போறதுக்குள்ள சாராய ஆலைக்குத் தள்ளிடு. ஓட்டல்ல ரூம் சாவி எடுத்துக் குடுத்தவளுக்கு வைன் வருமா?"

"மெதுவாப் பேசுங்க, அவருக்குக் காது கேக்குது."

"கேக்கட்டுமே. அவன் பேரத்தானே கெடுக்கற!"

அவர் கண் நிறைந்தது. அவளுக்காகவா, எனக்காகவா?

பிப்ரவரி 8
ஒரு கரண்டி வைன் ஊட்டப் போனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். வைனை வேண்டாம்கிறாரா? என்னையேவா?

கீழே போய் ஒரு பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டேன். ஓடட்டும், எல்லாம் சாக்கடைக்கே போகட்டும், என்னால முடியல, என்ன செய்யறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க— அறை முழுக்கச் சீமைமாதுளை வாசனை. அவ்வளவு நல்ல வாசனை. பாதி போன பிறகுதான் மூடினேன். தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22
சாராய ஆலைக்காரரிடம் பேசிவிட்டேன். ஈஸ்டர் கழிந்து லாரி வரும். ழில்தாஸிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 16
நாலு நாளாக நல்ல வெயில். லாரிக்காக நிலவறையைக் கழுவப் போனேன். தண்ணீரை நிறுத்திய பிறகும் எங்கோ சலசலப்பு. குழாய் ஒழுகுகிறதோ என்று தேடினேன். பீப்பாய்! காது வைத்தேன். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். நான் பாதி கொட்டியது மட்டும் ஊமை. காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது.

ஆலைக்காரருக்குப் போன் செய்தேன். "போன மாசம் அந்தக் கெஞ்சு கெஞ்சினீங்களே!" என்றார். ஆமாம், கெஞ்சினேன். வராதீங்க.

ஜூன் 11
இனிப்பு இல்லை. கொஞ்சமும் இல்லை. யுபேர் இரண்டாவது கிளாஸையும் கேட்டு வாங்கினார். ழில்தாஸ் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், இடக்கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தார். சட்டையெல்லாம் வைன்.

பேச்சு இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 17
சக்கர நாற்காலியில் அவரைத் தோட்டத்துக்குத் தள்ளிப் போனேன். ஒரு பழத்தைக் கடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்: இன்னும் பதம் ஆகவில்லை. நானும் கடித்தேன். விதையையும் மென்று பார்த்தேன். ஆகிவிட்டது. மறுபடி தலையை ஆட்டினார், கோபமாக.

நாளைக் காலையே பறிக்க வரும்படி ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன்.