சந்தாதாரர் நேரில் வர வேண்டும்

ஜூன் 3

வணக்கம்.

நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மேஸ்திரியிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

போன வாரம் பஸ்ஸில் என் போனை யாரோ அடித்துவிட்டார்கள். போன் போனால் போகட்டும், எனக்கு அந்த நம்பர் வேண்டும். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். ஒரு தடவை பார்த்த நோயாளி ஆறு மாதம் கழித்துக்கூட அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார். எனக்கு அவர்கள் நம்பர் ஒன்றும் மனப்பாடம் இல்லை. எல்லாம் போனுக்குள் இருந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போய், டோக்கன் வாங்கி, பாதி நாள் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், இது உங்க நம்பரே இல்லையே" என்றாள். கல்யாணமான புதிதில் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதாம்.

"பத்து வருஷமா நான்தாம்மா பேசறேன், பில்லும் நான்தான் கட்டறேன்."

"யார் கட்டினாலும் சரி மேடம். சந்தாதாரர் நேர்ல வரணும், கைரேகை வைக்கணும்."

அவர் வெளியூரில் இருக்கிறார், வருவது கஷ்டம் என்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இறந்துட்டாருன்னா ஈசி மேடம். சர்டிபிகேட் குடுத்தா ஒரே நாள்ல மாத்திடலாம்."

சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வரும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு நாள் வந்து விரலை வைத்துவிட்டுப் போங்கள். இப்போதைக்கு வாங்கியிருக்கும் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் கூப்பிட வேண்டாம். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குச் சண்டை வரும். எழுதுங்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரரின் மனைவி
(கம்பெனியில் என்னை இப்படித்தான் குறித்து வைத்திருக்கிறார்கள்)


ஜூன் 9

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

ஊரே உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிக்கும்போது பயந்தது உண்மைதான். செத்துப் போயிருந்தால் உனக்கு ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும், இப்போது உயிரோடு இருந்து தொந்தரவு கொடுக்கிறேன்.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் தரைக்குப் பாலிஷ் போடுகிறோம். நாள் முழுக்க மிஷின் சத்தம். சாயங்காலம் யாராவது மெதுவாகப் பேசினால் காது கேட்பதில்லை. மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி காலையில் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பேன்.

உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? இப்போதும் பையை ஒரே பக்கம்தான் மாட்டிக்கொண்டு அலைகிறாயா?

உன் சந்தாதாரர்


ஜூன் 18

உங்களுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். காலையில் சர்வர் வேலை செய்யவில்லை. மத்தியானம் அந்தப் பெண் சாப்பிடப் போய்விட்டாள். மூன்று மணிக்கு நம் டோக்கன் வந்தபோது உங்கள் விரல் பதியவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை என்று எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைத்தாள் பாவம். "சார், உங்களுக்கு ரேகையே இல்ல சார்" என்று அவள் சொன்னதும் நீங்கள் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. இத்தனை வருஷம் கல்லைத் தேய்த்தீர்கள், கல் உங்களைத் தேய்த்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனீர்கள். தலை என் தோள் பக்கம் சாய்ந்தது. வலிக்கிற தோள்தான். எழுப்பவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்து உங்களையே தொடர்புகொள்வதாகச் சொன்னார்களே, ஏதாவது தகவல் வந்ததா? வந்தால் உடனே எழுதுங்கள். இங்கே வேலை பாதியாகிவிட்டது. பழைய நோயாளிகள் நான் ஊரை விட்டே போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ரொம்ப இளைத்திருக்கிறீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 26

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

அந்தக் கம்பெனிக்காரர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. போனில் ஒன்று சொல்வார்கள், நேரில் ஒன்று சொல்வார்கள். நானே மறுபடியும் வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ஜூலை பதினாலாம் தேதி லீவு கிடைக்கும்.

அதுவரை கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். கூட இருக்கிறவர்கள் "என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி கையைப் பாதுகாக்கற?" என்று கிண்டல் செய்கிறார்கள். எண்ணெய் தடவினால் ரேகை திரும்பும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்குக் காத்திருந்தது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று? டோக்கன் நம்பர் வரக்கூடாது என்றுகூட ஒரு நேரம் தோன்றியது.

ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். நீல நிறம்.

உன்
சந்தாதாரர்


ஜூலை 1

அன்புள்ள உங்களுக்கு,

பதினாலாம் தேதி வாருங்கள். அன்றைக்கு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சென்டரில் நேரமாகிவிட்டால் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஓட வேண்டாம். முன் அறை காலியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் வருவதற்குள் முடிந்துவிடாதா என்று நானும் கஸ்டமர் கேருக்குப் பேசிப் பார்த்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, ஒன்பதை அழுத்து. பிறகு பாட்டு. பாட்டு முடிந்து ஒரு பையன் வந்தான். சென்டரில் புகார் கொடுத்தேனே, என்ன ஆயிற்று என்றேன். "உங்க புகார் முடிச்சு வச்சாச்சு மேடம், மெசேஜ் அனுப்பிட்டோமே" என்றான். எந்த நம்பருக்கு என்று கேட்டால், தொலைந்துபோன அதே நம்பருக்கு!

"அது வேலை செய்யலைன்னுதானே தம்பி புகாரே கொடுத்தேன்?"

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். மேற்கொண்டு விவரம் சந்தாதாரர்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

நீங்களும் நானும் ஏன் பிரிந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ரெண்டு மாத வேலை என்று போனீர்கள். போ என்று நான் சொல்லவில்லை, திரும்பி வா என்றும் சொல்லவில்லை. வரட்டுமா என்று நீங்களும் கேட்கவில்லை. அவ்வளவுதானே நடந்தது? நேரில் பேசுவோம்.

நீல நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கும்.

உங்கள்
நர்ஸம்மா


ஜூலை 12

உங்களுக்கு,

பதினாலாம் தேதி வர வேண்டாம். நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

சர்வேயர் ஐயாவை உங்களுக்குத் தெரியும். சைக்கிள் கடைக்கு மேலே தனியாக இருந்தவர். நம் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்துவிட்டு, சுவர் கோணலாக இருக்கிறது என்று உங்களிடம் சண்டை போட்டவர். போன வருஷம் அவர் கால் புண்ணுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கையில் போன் இருந்தது. என் நம்பர் அவருக்கு மனப்பாடம். அதையே கூப்பிட்டிருக்கிறார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்லச் சொல்ல, மறுபடி மறுபடி அதையே. அடுத்த நாள் பால்காரர்தான் கதவை உடைத்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அவர் மகள் என்னிடம் போனைக் காட்டினாள். தள்ளத் தள்ள என் பெயர்தான். "அப்பா உங்களத்தான் நம்பியிருந்தாரு. ஏன் எடுக்கல?" என்று கேட்டாள். அவர் வீடு எனக்குத் தெரியும். ஒரு நடை போய்ப் புது நம்பரைச் சொல்லியிருக்கலாம். பழைய நம்பர் இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

நேற்று சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கத்தினேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அந்தப் பெண் பயந்துபோய் என்னை ஓரமாக அழைத்துப் போனாள். சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே சொன்னாள்:

"ஜூன் இருபதாம் தேதியே சாருக்கு ஓடிபி அனுப்பிட்டோம் மேடம். ரெண்டு தடவை போன்லயும் பேசினோம். அந்த ஓடிபியைச் சொன்னா போதும், அன்னிக்கே சிம்மை அனுப்பிடுவோம்னோம். 'இப்ப வேண்டாம், அவங்களோட நேர்ல வந்து முடிச்சுக்கறேன்'னு சொல்லிட்டாரு."

உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியவில்லை.

எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதினாலாம் தேதிக்காகத்தான் காத்திருந்தேன். இனி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் குளியலறையில் கிடந்ததுதான் நினைவுக்கு வரும்.

அந்த நம்பர் எனக்கு வேண்டாம். உங்கள் பெயரில் இருப்பது உங்களிடமே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஜூலை 29

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நீ எழுதியதில் தப்பு என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத வேண்டாம். ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கம்பெனிக்குப் போன் பண்ணி, புது ஓடிபி வாங்கிச் சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலாம் நாள் சிம் கார்டு என் விலாசத்துக்கு வந்தது. நீ வேண்டாம் என்றதால் உனக்கு அனுப்பவில்லை. என் போனில் போட்டுக்கொண்டேன்.

போட்ட அன்றிலிருந்து கூப்பிடுகிறார்கள். புண்ணில் சீழ் கட்டியிருக்கிறது என்கிறார் ஒருவர். ஒரு அம்மா வெறுமனே பேசுவதற்கே கூப்பிடுகிறார், "எங்க கண்ணு போயிட்ட?" என்று. மிஷின் ஓடினால் மணி கேட்பதில்லை. அதனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதிர்ந்தால் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடுகிறேன். மேஸ்திரி திட்டுகிறார். திட்டட்டும். உன் புது நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாக எழுதிக்கொண்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். இந்நேரம் உனக்கும் சிலர் கூப்பிட்டிருப்பார்கள்.

கடைசியில் எல்லாரும் ஒன்று கேட்கிறார்கள்: "நீங்க யாருங்க, அவங்க வீட்டுக்காரரா?"

முதல் நாள் சட்டென்று போனை வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் போன் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.