மாப்பிள்ளை மாட்டிய சென்சார்

தோகா

அன்புள்ள அப்பாவுக்கு, கர்த்தருக்குள் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

தங்கச்சி லின்சி வீட்டுக்காரர் டேவிட்சன் வெள்ளிக்கிழமை திருச்சியில் வந்து இறங்குவார். பதற வேண்டாம். வேலை போய்விட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஆபீஸ்களின் சீலிங்கில் சென்சார் மாட்டுகிறோம். ஆள் நடமாடினால் விளக்கு எரியும், ஆள் போனதும் அணையும். ஏசி காற்று வரும் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் மாட்டக் கூடாது. காற்றையே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளையோ நீடாமங்கலத்தில் வீடு வீடாக ஃபேன் மாட்டியவர். ஏசி வாயை ஒட்டி, அறைக்கு நட்டநடுவே துளை போட்டார்.

"நடுவுல இருந்தாத்தான் மச்சான் லட்சணம்."

"நீங்க சொன்னா சரிதாங்க மாப்ள" என்றேன். சூப்பர்வைசரான என் கையில்தான் வரைபடம் இருந்தது. ஒரு மாடி முழுக்க அப்படியே மாட்டவிட்டேன்.

சோதனையன்று காலி அறைகளில் விளக்கு அணையவே இல்லை. யார் வேலை என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன்.

லின்சி கல்யாணத்தன்று, டிப்ளமோ படித்த நான் பந்தி விசாரித்துக்கொண்டிருக்க, "இவர்தான் இனி எனக்கு மூத்த மகன்" என்று சபையில் அவரைக் காட்டினீர்கள். மூத்த மகனைப் பத்திரமாக அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள். லின்சி அழுதால் அழட்டும்.

அவர் கட்டிலில் இப்போது நேபாளத்துக்காரர் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்கிறேன். நீங்களே எடுங்கள். மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பெனி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஞானசிகாமணி