நாற்பத்தொன்றாவது சாட்சி

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

என் அன்புள்ளவருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். இது ஆறாவது கடிதம். இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. அதனால் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள், வாங்கிக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சிநேகிதர் லாரிக்காரர் முகவரியைக் கொடுத்தபோது, "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க தங்கச்சி" என்றார். இதோ சொல்லிவிட்டேன். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

குளிர்கிடங்கில் மீன் பெட்டி அடுக்குகிறீர்களாம். கையுறை போட்டாலும் விரல் விறைத்துப்போகுமாமே. லிஃப்ட் கம்பியைத் தொட்டுப் பார்த்தே எந்த இழை தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் விரல்கள் அவை. இதைக் கேட்ட நாளிலிருந்து தண்ணீரில் கை வைத்தால் உங்கள் ஞாபகம்தான்.

இங்கே ஒரு புதுச் செய்தி. விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாமா, கட்டுப்பாடு விதித்து வரி வாங்கலாமா என்று விசாரிக்க அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. ஏழு பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுக்க எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர். ஒருத்தி சீனியர் அக்கா. இன்னொருத்தி நான்.

மேற்பார்வையாளருக்கு நம் கதை தெரியாது. யாருக்குமே தெரியாது. நீங்கள் வெளிநாட்டில் ஒப்பந்த வேலையில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். "இன்னும் முடியலையா?" என்று கேட்பவர்களிடம் "நீட்டிச்சிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே அது நிஜம் மாதிரி இருக்கிறது. இந்த வேலை வேண்டாம் என்று மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உங்களைக் கொண்டுபோனது எது என்று ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

முதல் நாள் நிதித் துறை அதிகாரி வந்தார். "ஆடறவங்க ஆடிக்கிட்டுதான் இருக்காங்க. நாம கண்ணை மூடிக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான். வரி போட்டா ஆஸ்பத்திரி கட்டலாம்" என்றார். அடுத்து ஒரு கம்பெனிக்காரர், மடிப்புக் கலையாத கோட்டோடு. அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூடச் சூதாட்டம் என்ற வார்த்தை வரவில்லை. "ரசிகர்களின் ஈடுபாடு", "ரசிகர்களின் ஈடுபாடு" என்றே சொன்னார். பதினோரு தடவை எழுதினேன்.

ரசிகர் என்றால் எனக்குத் தெரியும். நீங்களும் மகளும் சோபாவின் நுனியில் உட்கார்ந்து போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். பிறகு ஒரு வருடம் சத்தமே இல்லை. கோல் விழுந்தாலும் இல்லை. தாடையை இறுக்கிக்கொண்டு, தொலைக்காட்சியையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். இப்போது அந்தச் சோபாவில் துணி மடித்து வைக்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கெழுத்தைச் சுருக்கி நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆளில்லாத,
உங்கள் சுருக்கு

*

ஞாயிறு காலை

என் அன்புள்ளவருக்கு,

போன கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. நலம்தான். மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. கவலைப்பட ஒன்றுமில்லை, இப்போது தெருவையே இரண்டாக்குகிறாள்.

இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் யோசித்தேன். புதன்கிழமை வந்த சாட்சிகளில் ஒருவர் டயர் கடை மாடியில் பந்தயம் நடத்தியவர். தண்டனை முடிந்து வெளியே வந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று நீதிபதியே சொன்னாராம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் மைக்கில் வணக்கம் சொன்னதுமே தெரிந்துவிட்டது. நம் வீட்டுத் தொலைபேசியில் "அவர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாரே, அந்தக் குரல்.

என் முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பத்து நிமிடம் நான், பத்து நிமிடம் அக்கா என்று மாற்றி மாற்றி எடுப்போம். இடையில் எழுந்திருக்க முடியாது.

அவர் குழுவைப் பார்த்து, "கம்பெனிக்கு விட்டுடாதீங்கய்யா" என்றார். "என்கிட்ட வர்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியும். யாருக்கு என்ன சம்பளம், யாரு வீட்டுல யாரு படிக்கிறாங்கன்னு தெரியும். செல்போனுக்கு என்ன தெரியும்?" குழுவில் ஒரு பெண் உறுப்பினர், கண்டிப்பானவர், "தெரிஞ்சு வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருவாரும்மா. நல்ல மனுசன். ஒருநாள் டூல் பெட்டியை வித்துட்டு வந்தாரு. இன்னைக்கு வேணாம், வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டேன். மறுநாளும் வந்தாரு. வாங்கிக்கிட்டேன்."

சுருக்கெழுத்தில் கை முதலில் ஓடும். அர்த்தம் பின்னாலேதான் வந்து சேரும். "வாங்கிக்கிட்டேன்" என்று எழுதி முடித்த பிறகுதான் அது நீங்கள் என்று எனக்கு உறைத்தது. கை நிற்கவில்லை. பதினெட்டு வருட வேலை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள். மகளுக்குத் தலை பின்னிவிட்டீர்கள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். கையில் பெட்டி இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சாயங்காலம் கெட்டுப்போகும் என்று பயம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? நீங்கள் போன பிறகு தினமும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது ஒன்றுதான்.

தட்டச்சு அறையில் அந்தப் பக்கத்தை அக்கா பார்த்தாள். பென்சில் அழுத்தி அடுத்த தாள்வரை பதிந்திருந்தது. "குடு, இதை நான் அடிக்கிறேன்" என்றாள். நான் கொடுக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் நானே அடித்தேன். அடித்து முடித்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தமும் இல்லை, வெளிநாடும் இல்லை என்று. "அடிப்பாவி, ரெண்டு வருசமா இதையா வயித்துல கட்டிக்கிட்டு இருந்தே!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தன் டீயை எனக்குக் கொடுத்தாள்.

அன்றைக்கே ஒரு மருத்துவரும் வந்தார். இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சை தருபவர். "சட்டவிரோதம்னு இருக்கறவரை யாரும் என்கிட்ட வரமாட்டாங்க. வியாதின்னு சொன்னா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே" என்றார். அவர் சொன்னது சரி என்று பட்டது. அடுத்து வந்த பள்ளி ஆசிரியை, "இப்ப ஒளிஞ்சு ஆடறாங்க. நாளைக்குப் பசங்க பார்க்கறப்பவே ஆடுவாங்க, அதான் வித்தியாசம்" என்றார். அதுவும் சரி என்றுதான் பட்டது. எனக்கென்று ஒரு பக்கம் இல்லாமல் போய்விட்டது.

பொதுமக்களும் வந்து பேசலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அந்தப் பலகை வழியாகப் போகும்போதெல்லாம் நடை தானாகக் குறைகிறது.

உங்களிடம் கேட்காமல் முடிவெடுத்துப் பழக்கமில்லை. கேட்டால் பதில் வருவதும் இல்லை. ஒரு வரி எழுதக் கூடாதா?

உங்கள் சுருக்கு

*

சனிக்கிழமை

என் அன்புள்ளவருக்கு,

ஏழு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம் இல்லை. சொல்வதற்கு உறுதியான செய்தி கிடைக்கட்டும் என்று இருந்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் போய்ப் பேசினேன். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டியலில் பெயர் கொடுத்து, மற்றவர்களோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி எண் நாற்பத்தொன்று. உள்ளே கூப்பிட்டதும் பழக்க தோஷத்தில் என் நாற்காலிப் பக்கமே நடந்தேன். அக்கா கண்ணால் எதிர்ப்பக்கம் காட்டினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க இங்கே எழுதறவங்கதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு நம் கதையைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

டயர் கடை மாடியில் போலீஸ் சோதனை போட்டு எடுத்த பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததைச் சொன்னேன். "இழந்ததுக்காக என் வீட்டுக்காரர் போகலைங்க. அந்தப் பட்டியல் வந்த அன்னைக்குத்தான் போனார். பொண்ணு கண்ணு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து போனார். வியாதிக்காரரைத் திருடன் மாதிரி ஓட வச்சுட்டோம்" என்றேன். நீங்கள் என்னிடம் சொல்லாமல் போனீர்கள். நானாக ஊகித்ததைத்தான் சொன்னேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

"அப்ப சட்டபூர்வமாக்கலாம்ங்கறீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"எனக்குத் தெரியலைங்கய்யா" என்றேன். "கடையைத் திறந்தாத்தான் அவர் பயமில்லாம திரும்பி வரமுடியும். திரும்பி வந்தா அந்தக் கடை திறந்திருக்குமே."

அக்கா அதையும் எழுதிக்கொண்டாள். கண்டிப்பான அந்த உறுப்பினர், வேறென்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு விஷயம் கேட்டேன். பிள்ளைகள் ஆட்டம் பார்க்கும் நேரத்தில் பந்தய விளம்பரம் வரக் கூடாது. நிறுத்த நினைக்கிறவனுக்கு நிறுத்திக்கொள்ள ஒரு வழி வேண்டும். அக்கா மறுநாள் என் வாக்குமூலத்தை அடித்துக் காட்டினாள். நான் அழுத இடத்தில் "சிறிது இடைவெளி" என்று போட்டிருந்தாள்.

அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மேற்பார்வையாளர், "ஒப்பந்தம் நீண்டுக்கிட்டே போச்சேன்னு அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு ஃபைலை என் மேஜையில் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மகளிடமும் சொல்லிவிட்டேன். பதினொரு வயது, மறைக்க முடியவில்லை. அழவில்லை. "அப்பா எந்த டீமுக்குக் கட்டினாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "நம்ம டீமுக்கு எதிரா கட்டியிருக்க மாட்டாரு" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது பள்ளி அணிக்குக் கோல் காக்கிறாள். முழங்கால் இரண்டும் எப்போதும் காயம்.

சட்டம் வந்துவிட்டது. அரசிதழில் வெளியான பக்கத்தை இதனோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது பிரிவில் கோடு போட்டிருக்கிறேன். பந்தயம் கட்டியவர்கள் மீதிருந்த பழைய வழக்குகள் எல்லாம் கைவிடப்படுகின்றன. பட்டியலில் பெயர் இருந்தாலும் இனி யாரும் எதுவும் கேட்க முடியாது. காவல் நிலையத்துக்கே போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் கேட்ட இரண்டில் விளம்பரத்தைத் தடுக்கவில்லை, ஆட்டத்துக்கு நடுவிலேயே வருகிறது. இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். விலகல் பட்டியல் என்று பெயர். அதில் பதிந்துகொண்டால் எந்தக் கடையும், எந்தச் செயலியும் அவரிடம் பந்தயம் வாங்கக் கூடாது.

அந்தப் படிவத்தை வாங்கப் போனேன். மனைவி கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று கேட்டேன். குமாஸ்தா, "அவரேதான் வரணும்மா" என்றார். நானும் இத்தனை நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் உள்ளே இருக்கிறது. எதையும் நிரப்பவில்லை.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் சாலையில் மூன்று கடைகள் திறந்திருக்கின்றன. பளிச்சென்ற விளக்கு, உள்ளே சொகுசு நாற்காலி, பெரிய திரை. பள்ளியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது கடைக்காரர் டேப் பிடித்து அளந்து இருநூற்று நான்கில் திறந்திருக்கிறார். நான் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை ஒருத்தர் விடாமல் பார்ப்பேன். முதுகைப் பார்த்தாலும் நின்று, முகம் திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

நீங்கள் எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் வண்டி நேரத்தை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள், போதும். பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறேன். பெரிய சாலை வழியாக வர வேண்டாம். தச்சுப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, போய்ப் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு கடையும் கிடையாது. நடந்தால் பத்து நிமிடம் கூடுதலாகும்.

எனக்கு அந்தப் பத்து நிமிடமும் வேண்டும்.

எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
உங்கள் சுருக்கு