சாக்கின்மேல் என் பெயர்

புதன்கிழமை, இரவு.

எழுத்து கோணலாகத்தான் விழுகிறது. இந்த வயதில் முதியோர் வகுப்பில் எழுதப் பழகிய கை, டீச்சர் பொறுக்க வேண்டும்.

பெருந்துறை மஞ்சள் கிடங்கில் ஒரு சாக்கின் ஸ்டிக்கரைப் போனில் பிடித்து, அதில் வந்த எழுத்தைக் காட்டினார்கள். 'மருந்தடிக்காத மஞ்சள், விவசாயி பழனிச்சாமி.' என் பெயரை நானே படித்தேன்! ஆனால் கையை விட்டு அள்ளிப் பார்த்தால் உள்ளே இருந்தது என் மஞ்சள் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய என் காலிச் சாக்கை வாங்கிப்போன தங்கையின் வீட்டுக்காரர், மருந்தடித்த தன் மஞ்சளை அதில் கட்டியிருக்கிறார்.

"பிளாக்செயின்ங்கிற கம்ப்யூட்டர் கணக்குல ஏத்துனத யாரும் மாத்த முடியாதுங்க" என்றாள் கிடங்குப் பெண்.

போனில் மாறவில்லை அம்மணி, சாக்குக்குள் மாறிவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். "படிக்கப் பழகுனதும் மச்சானக் கையில புடிக்க முடியலீங்க" என்று சிரித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு திரும்பிவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. காலையில் சாக்கு லாரி ஏறும். அதற்குள் கிடங்குக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். தங்கை என்னோடு பேசாமல் போனால், அதையும் அடுத்த வாரம் இந்த நோட்டில் எழுதுகிறேன்.