சக்களத்திக்கு ஒரு மெட்டு

ஏப்ரல் 2

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். நோட்டுக்கு வாய் கிடையாது.

போன வருடம், வாத்தியக் குழுவுக்கு இசை பிரித்தெழுதும் ஆர்கெஸ்ட்ரேஷன் இறுதித் தேர்வன்று எனக்குக் காய்ச்சல், அதனால் எழுதவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேனே, அது பொய். எழுதினேன். ஃபெயில்.

காரணம் கிளாரினெட். அந்தக் குழாய்க்கு எதை எழுதினாலும் ஒரு சுரம் இறக்கித்தான் பாடும், பிறவிக் குணம் அப்படி. அதனால் நாம் ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும். முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். மறந்துவிட்டேன். நான் எழுதியதை மேடையில் வாசித்தபோது மற்ற இருபத்தெட்டுப் பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போக, இரண்டு கிளாரினெட்டும் கடைசிவரை வேறு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

கூத்து என்னவென்றால், அன்றைக்கு டபுள் பாஸ், அதுதான் அந்த ஆளுயரப் பெரிய வயலின், வாசித்தது என் வீட்டுக்காரர். கல்லூரியில் அதை வாசிக்க மாணவர் யாரும் இல்லை, தேர்வு வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தாளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பதினொண்ணாம் நம்பர் யார் எழுதினதோ, கொஞ்சம் நவீனமா இருந்துச்சு."

பதினோராம் நம்பர் குனிந்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மூன்று வருட மாலை வகுப்பும் அம்போ. ஐம்பத்தொரு வயதில், நான் வேலை பார்க்கும் அதே கல்லூரி இசை நூலகத்தில் உட்கார்ந்து, என்னைத் தாண்டிப் போன பிள்ளைகளுக்கு நானே புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 5

தேர்வுக்கான பியானோ துண்டைக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது தாளக் கட்டம். இதை முப்பது பேருக்குப் பங்கு பிரிக்க வேண்டும். எல்லோரும் செய்வது தெரியும்: நல்லதெல்லாம் வயலினுக்கு, மினுக்கல் புல்லாங்குழலுக்கு, மிச்சம் மீதி வயோலாவுக்கு. டபுள் பாஸுக்கு? பூம்… பூம்…

அந்தப் பூம் பூமோடுதான் இருபத்தாறு வருடக் குடும்பம். எங்கள் படுக்கையறை மூலையில் நிற்கிறாளே சக்களத்தி, என்னைவிட உயரம், இடுப்பும் என்னைவிடச் சின்னது. வீடு மாற்றியபோது அவள் வேனில் மெத்தை விரித்துப் படுத்துக்கொண்டு வந்தாள். நான் பாத்திரங்களுக்கு நடுவே குந்திக்கொண்டு வந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடத்தில் அந்த மனுஷன் ஒரு மெட்டை முழுதாக வாசித்து நான் கேட்டதே இல்லை. யாரும் எழுதிக் கொடுத்தால்தானே?

நடுவில் மெதுவாக ஒரு எட்டுக் கட்டம் வருகிறது. தாழ்ந்த குரல். தனக்குத்தானே பேசிக்கொள்வது போல.

கொடுத்துவிட்டால் என்ன?

ஏப்ரல் 9

வகுப்பு ஆசிரியரிடம் காட்டினேன். எங்களுக்குள் அவர் "மூச்சு சார்". எதைக் காட்டினாலும், "சரி, இவர் எங்க மூச்சு விடுவார்?" என்பார். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர்.

"அக்கா, வேணாம்க்கா. டபுள் பாஸ் பாடினா கேக்காது. நடுப்பகுதியே காத்துல போயிடும். மார்க் எல்லாம் அங்கதான் இருக்கு."

"மத்தவங்க வாயைக் கட்டிட்டா?"

"இருபத்தொம்பது பேர் வாயையுமா?"

"வீட்ல நான் ஒருத்தி மூடினாத்தான் சார் அவர் குரலே கேக்கும். அதே உத்திதான்."

சிரித்துவிட்டார். சிரித்த மனிதரால் கண்டிப்பாகப் பேச முடியுமா? "சரி எழுதுங்க. ஆனா அதே மெட்டை செல்லோ தாள்லயும் சின்ன எழுத்துல போட்டு வைங்க. ஒருவேளை பாஸ் வாசிக்க ஆள் இல்லைன்னா அவங்க எடுத்து வாசிச்சுக்குவாங்க. எல்லாரும் செய்யறதுதான்."

"அவர் எங்க சார் போவார்? என்னோட இருபத்தாறு வருஷம் இருந்தவர். பயம்னா என்னன்னே தெரியாது."

ஏப்ரல் 11

நைசாக ஆழம் பார்த்தேன். வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என்னிக்காவது நீங்க தனியா ஒரு மெட்டு வாசிக்கணும்னு ஆசைப்பட்டதில்லையா?"

"அஸ்திவாரம் போட்டவன் மொட்டை மாடியில ஏறி நின்னு கையாட்டணுமா?"

"ஆட்டினா என்ன?"

"மழை பேஞ்சா நனைவான்." அவ்வளவுதான். மறுபடி பிசின்.

பாவம். எவ்வளவு ஆசையை உள்ளே போட்டுப் புதைத்திருந்தால் இப்படிப் பேசுவார்! முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 14

ஹார்ன் வாசிப்பவர்கள் மூச்சு விட இடமே வைக்கவில்லை. இரண்டு உயிரை மேடையிலேயே எடுத்திருப்பேன். அழித்துத் திருத்தினேன்.

ஏப்ரல் 15

கிளாரினெட்டை நான்கு முறை சரிபார்த்தேன். சோறு வைத்துவிட்டு ஐந்தாவது முறை.

ஏப்ரல் 17

எழுத்துத் தேர்வு முடிந்தது. எந்த வாத்தியம் எதுவரை ஏறும், எதுவரை இறங்கும் என்று குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துப் படித்தது வீண் போகவில்லை. (மகள் போனில் கேட்டாள்: "அப்பா ஏம்மா அரை மணி நேரமா குளிக்கிறாரு?" அவரும் படிக்கிறார் போல.)

கடைசியில் கேட்டறியும் பகுதி. ஒலிபெருக்கியில் இருபது துணுக்கு. கண்ணை மூடிக் கேட்டு, எந்த வாத்தியம் என்று எழுத வேண்டும். டபுள் பாஸ் மேல் சுரங்களில் பாடினால், அதன் தங்கை மாதிரியான செல்லோவா பாஸா என்று பிள்ளைகள் திணறினார்கள். என்னிடமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உடனே விடை வெளியிட்டார்கள். இருபதுக்கு இருபது! பக்கத்து இருக்கைப் பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஏப்ரல் 20

தாள்களைக் கொடுத்தாயிற்று. என் எண் ஏழு. செல்லோ தாளில் அந்தச் சின்ன எழுத்தை எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டேன். எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

எட்டுக் கட்டம் கேட்காமல் போனால் நான் காலி. எதற்கடி உனக்கு இந்த வேலை? வயலினுக்குக் கொடுத்துவிட்டுப் பாஸாகித் தொலைந்திருக்கலாமே?

கொடுத்தது கொடுத்ததுதான்.

ஏப்ரல் 23

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும், நோட்டே.

எழுதியவர்கள் அரங்கின் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும். என் முன்னால் ஒரு தூண், அதற்கப்பால் மேடை, மேடை ஓரத்தில் சக்களத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர். முகம் வெளிறியிருந்தது மாதிரி பட்டது. விளக்கு வெளிச்சமாக இருக்கும். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் என் தாளில் தலையைப் புதைத்துக்கொண்டார். குச்சி பிடித்துக் குழுவை நடத்திய மாணவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒவ்வொருவர் எழுதியதையும் ஒரே முறைதான் வாசிப்பார்கள்.

ஏழாம் நம்பர். கிளாரினெட்டுகள் இந்த முறை ஊரோடு ஒத்துப் போயின. நடுப்பகுதி நெருங்கியது. ஒவ்வொருவராக அடங்கினார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

வந்தது.

ஐயோ, என்ன குரல்! கனிந்து, ஈரமாக, ஒரு பிசிறு இல்லாமல். இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்? நான் அழுதேன். நாகரிகமான அழுகை ஒன்றுமில்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை. பக்கத்துப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இரண்டு மடங்கு.

"ஏழாம் நம்பர்…" என்று இழுத்தேன்.

"நல்லா வந்துச்சு," என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "எழுதினவங்களுக்குப் பெரிய மனசு."

பெருமை அடித்துக்கொள்ளவே தெரியாத மனுஷன்!

ஏப்ரல் 30

பாஸ்! எழுபத்திரண்டு. பரிசோதகர் குறிப்பு: "நடுப்பகுதியில் டபுள் பாஸின் தனிக்குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. துணிச்சலான தேர்வு."

மூச்சு சார் கையெடுத்துக் கும்பிட்டார். "தோத்துட்டேன்க்கா." குறிப்பை நகலெடுத்துச் சமையலறையில் ஒட்டிவிட்டேன். அவர் அதன் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறார். கூச்சம்.

மே 4

தேர்வுத் தாள்கள் எல்லாம் நூலகத்துக்குத் திரும்பி வந்தன. வாசித்தவர்கள் போட்ட பென்சில் குறிகளை அழித்து அடுக்குவது என் வேலை. ஏழாம் நம்பர் கட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், இனிப்பைக் கடைசியில் தின்கிற மாதிரி.

அவர் தாளை எடுத்தேன். பூம் பூம் வருகிற இடமெல்லாம் விரல் எண்கள், அம்புக்குறிகள், வழக்கமான கிறுக்கல். அந்த எட்டுக் கட்டத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. சுத்தம்.

செல்லோ தாளைப் பிரித்தேன். எறும்புக்கு எழுதிய அந்தச் சின்ன எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், செல்லோ வாசித்த மாணவிக்கு, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு. மளிகைப் பட்டியலில் இருபத்தாறு வருடமாக நான் படிக்கிற அதே கையெழுத்து:

"பாப்பா, இதை நீயே வாசிச்சிடும்மா. வீட்டு மேசையில பாத்ததுலேர்ந்து பத்து நாளா குளியலறையில வாயால பாடிப் பாத்துட்டேன், எனக்குக் கை நடுங்குது. எழுதினவங்க பின்னாடிதான் உக்காந்திருக்காங்க. சொல்லிடாதே."

ரப்பரை எடுத்து மெதுவாக அழித்தேன். காகிதம் கிழியாமல். சமையலறையில் ஒட்டிய குறிப்பை எடுக்கப் போவதில்லை. அவருக்கும் ஒரு தண்டனை வேண்டாமா?

இப்போது பக்கத்து அறையில் பூம்… பூம்… கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணை மூடிக் கேட்டு வாத்தியம் சொல்வதில், வகுப்பிலேயே இருபதுக்கு இருபது வாங்கியது நான் ஒருத்திதான்.